மூலக்குளத்து மண் எவ்வளவு மழை குடிக்கும்?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே சராசரியாக 130 சென்டிமீட்டர் மழை பெறும் ஊர் இது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது.

30க்கு 40 அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அன்று அதன் மேல் விழுந்த நீர் ஏறத்தாழ 53,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நான்கு வந்து கொட்டினாலும் அந்த அளவு வராது. இத்தனை நீரை எந்த மண்தான் குடிக்கும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் 48 சென்டிமீட்டரை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 2 சென்டிமீட்டர் ஆகிறது. யாரும் மிதிக்காத, வண்டி ஏறாத மணற்பாங்கான மண் இந்த வேகத்தில் நீரை உள்வாங்கக் கூடியதுதான். அப்படியானால் நம் வீட்டு முற்றமும் தெருவோரமும் காலி மனையும் ஏன் அதைச் செய்யவில்லை? மழையின் அளவைப் பற்றி ஒவ்வொரு ஐப்பசியிலும் பேசுகிறோம். காலடியில் இருக்கும் மண்ணைப் பற்றியும் அதே அக்கறையோடு பேசவேண்டிய காலம் வந்துவிட்டது.

மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி, வில்லியனூருக்கு முன்னால் வருவது மூலக்குளம். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த பகுதி. இதற்கு வடக்கே நிலம் மெல்ல ஏறி கோரிமேட்டுச் செம்மண் மேடாக உயர்கிறது. தென்மேற்கே வில்லியனூரைத் தொட்டு ஓடும் சங்கராபரணி, தன் இரு கரையிலும் வண்டலைப் பரப்பி வைத்திருக்கிறது. இரண்டு வகை நிலத்துக்கும் இடையில் நிற்கும் ஊர் என்பதால், மண்ணும் நீரும் எப்படிப் பழகுகின்றன என்று கற்றுக்கொள்ள மூலக்குளத்தைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது.

வடக்கே உள்ள செம்மண் மேட்டுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் அழைக்கும் பாறை. மயோசீன், பிளியோசீன் காலங்களில் படிந்தது. திருவக்கரைக் கல்மரங்கள் கிடைப்பதும் இந்தப் படிவத்தில்தான். மணலும் களியும் மாறி மாறி அடுக்கிய இந்தப் பாறை, நீரைச் சேமித்து வைக்கும் பெரிய நிலத்தடிக் கிடங்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும் என்பதிலிருந்தே அதன் வளத்தை ஊகிக்கலாம்.

புதுச்சேரிக்கு இந்த நிலத்தடி நீரின் அருமை நெடுங்காலமாகத் தெரியும். பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென நிற்கும் ஆயி மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது? மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் பேரரசராக இருந்த காலத்தில், லமெரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்து நல்ல தண்ணீரைக் கடலோர நகரத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நீர் வந்ததன் நினைவுச் சின்னமே இந்த மண்டபம். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிக் கொடுத்த ஆயியின் பெயரை அது தாங்கியிருக்கிறது என்பது ஊரறிந்த கதை. முத்திரையர்பாளையம் இருப்பதும் மூலக்குளத்தைப் போலவே உழவர்கரைப் பக்கத்தில்தான். கடலோரத்தில் உப்புக் கரித்த ஊருக்கு, உள்ளே தள்ளி மேட்டு நிலத்தை ஒட்டிய ஊரில் ஊறிய நீர் உயிர் கொடுத்தது. மேட்டில் பெய்த மழை ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கியதால்தான் அது நடந்தது.

அதே செம்மண்ணைத்தான் இன்று டிப்பர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மனைகளில் கொட்டுகிறோம். கொட்டியபின் அது பழையபடி நீர் குடிப்பதில்லை. இது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், நகரத்து வெள்ளத்தின் பாதிக் காரணம் புரிந்துவிடும்.

துளைகளின் கணக்கு

நல்ல தோட்டத்து மண்ணில் ஒரு கன அடி அள்ளினால் அதில் சரிபாதிதான் மண். மீதிப் பாதி வெற்றிடம். மணலுக்கும் மணலுக்கும் நடுவே உள்ள இடுக்குகள், மண் கட்டிகளுக்கு இடையிலான சந்துகள், செத்துப்போன வேர் விட்டுச்சென்ற குழாய்கள், மண்புழுவும் கரையானும் குடைந்த வழிகள் எல்லாம் சேர்ந்தது அந்த வெற்றிடம். மழை மண்ணுக்குள் போகிறது என்றால், இந்த வெற்றிடத்தில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு நீர் உள்ளே குடியேறுகிறது என்று பொருள்.

மொத்த வெற்றிடம் எவ்வளவு என்பதைவிட, ஒவ்வொரு துளையும் எவ்வளவு பெரியது என்பதே இங்கே முக்கியம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பாய்சொய் சமன்பாடு என்று ஒன்று வரும். பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பி, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டது அது. குழாயின் விட்டம் பாதியானால், அதில் ஓடும் நீர் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. விட்டம் பத்தில் ஒன்றானால் ஓட்டம் பத்தாயிரத்தில் ஒன்று. மண்ணுக்குள் இதன் விளைவு பிரமிக்க வைப்பது. மண்புழு விட்டுப்போன ஒரு மில்லிமீட்டர் துளை ஒன்று, அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள பத்தாயிரம் துளைகளுக்குச் சமமாக நீரை இறக்குகிறது.

மணற்பாங்கான மண் நீரை வேகமாக விடுவதும் களிமண் தாமதமாக விடுவதும் இதனால்தான். களிமண்ணில் வெற்றிடம் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. மணலைவிட அதில் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். மழை தொடர்ந்து பெய்து மண் நனைந்து நிலைப்பட்ட பிறகு, மணல் கலந்த வண்டல் மண் மணிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீரை உள்வாங்கும் என்றும், களிமண் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உள்வாங்கும் என்றும் பாசனப் பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

முதல் மழை வேகமாகவும் அடைமழை மெதுவாகவும் இறங்குவதற்கும் காரணம் உண்டு. காய்ந்த மண்ணில் நீரை இழுப்பவை இரண்டு. ஒன்று புவியீர்ப்பு. மற்றொன்று நுண்துளைகளின் உறிஞ்சு விசை, அதாவது விளக்குத் திரியில் எண்ணெயை ஏற்றும் அதே நுண்புழை விசை. மண் காய்ந்திருக்கும்போது இந்த இரண்டாவது விசை மிக வலிமையானது. ஈரம் கீழே இறங்க இறங்க, நனைந்த மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் இடையிலான எல்லை மேற்பரப்பிலிருந்து விலகிக்கொண்டே போகிறது. நீர் கடக்கவேண்டிய தூரம் கூடுவதால் இழுவை தளர்கிறது. கடைசியில் புவியீர்ப்பு ஒன்று மட்டுமே மிஞ்சுகிறது. ஆஸ்திரேலியாவின் கிரீனும் ஆம்ப்டும் 1911இல் இதை எளிய சமன்பாடாக எழுதினார்கள். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் இன்னொரு படி போனார். மழையின் வேகம், மண் உள்வாங்கும் வேகத்தைத் தாண்டும் கணத்தில்தான் நீர் மேலோடத் தொடங்குகிறது என்றார். வெள்ளம் என்பது வானமும் மண்ணும் சேர்ந்து போடும் கணக்கு என்று அறிவியல் அப்போதே சொல்லிவிட்டது.

ஒரே மண், இருவேறு வேகம்

இட்லியைத் தட்டில் வைத்துச் சாம்பாரை ஊற்றினால் நொடியில் ஊறிவிடும். அதே இட்லியை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிசைந்து உருட்டிவிட்டு ஊற்றிப் பாருங்கள். மாவு அதேதான், எடையும் அதேதான். சாம்பார் மட்டும் சுற்றிலும் தேங்கி நிற்கும். செம்மண்ணை ஜேசிபியால் தோண்டி, டிப்பரில் கொண்டுவந்து, மனையில் பரப்பி, ரோலரை ஏற்றும்போது நாம் செய்வது இதுவே.

அழுத்தத்தில் முதலில் நசுங்குபவை பெரிய துளைகள். வேர் வழி, புழு வழி, கட்டிகளுக்கு இடையிலான சந்து ஆகியவை மூடிக்கொள்கின்றன. நுண்துளைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மொத்த வெற்றிடம் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறையலாம்; அது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் இழந்தவை அத்தனையும் நீரைச் சுமந்த பெருவழிகள் என்பதால், உள்வாங்கும் வேகம் பத்தில் ஒன்றாக, சில மண்களில் ஐம்பதில் ஒன்றாக விழுகிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ராபர்ட் பிட்டும் அவருடைய குழுவினரும் நகர்ப்புற மண்களில் 150க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறுகாத மணற்பாங்கான மண் மணிக்குச் சராசரியாக 33 சென்டிமீட்டர் நீரை விட்டது; இறுகிய மணற்பாங்கான மண் மூன்றரை சென்டிமீட்டர்தான் விட்டது. இறுகாத, காய்ந்த களிமண் 25 சென்டிமீட்டர் விட்டது. இறுகியோ ஈரமாகவோ இருந்த களிமண் அரை சென்டிமீட்டரோடு நின்றது. இறுகிய மணலைவிட இறுகாத களிமண் வேகமாக நீர் குடித்தது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். 2006இல் புளோரிடாவின் மணல் நிலத்தில் நடந்த ஆய்வு, கட்டுமான வண்டிகள் ஏறிய இடங்களில் உள்வாங்கும் வேகம் 70 முதல் 99 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. ‘எங்கள் மண் மணல்தான், தண்ணீர் தானாக இறங்கிவிடும்’ என்ற நம்பிக்கை நகரத்தில் செல்லாது. மணலா களியா என்று கேட்பதற்கு முன்னால், அதன் மேல் என்ன ஏறியது என்று கேட்கவேண்டும்.

ரோலர் ஏறாவிட்டாலும் வெறும் தரைக்கு ஆபத்து உண்டு. பெரிய மழைத்துளி விநாடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. புல்லோ சருகோ மூடாத செம்மண்ணில் அது மண் கட்டிகளை உடைக்கிறது. உடைந்த நுண்பொடி அருகிலுள்ள துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓடு ஒன்று மேற்பரப்பில் உருவாகி, வெயில் பட்டதும் இறுகிவிடுகிறது. அடுத்த மழை அதன் மேல் வழிந்து ஓடி, பள்ளம் பறிக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் பகுதியில் செம்மண் மேடு அரித்துப் பெரும் பள்ளத்தாக்குகளாகப் பிளந்து கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மரம் போன மேட்டில் மழை செய்த வேலை அது. 1968இல் ஆரோவில் தொடங்கியபின் அங்கே குடியேறியவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, நிலத்தைச் சுற்றி வரப்பு எடுத்து மழைநீரைத் தடுத்து நிறுத்தியது. நீர் நின்ற இடத்தில் மரம் வைத்தார்கள். மரம் சருகு உதிர்த்தது. சருகுக்கு அடியில் புழு வந்தது. பிளந்து கிடந்த அதே செம்மண் மீண்டும் நீர் குடிக்கத் தொடங்கியது.

வயலுக்கு மேல் ஒரு வீடு

இன்னொரு பக்கம், வண்டல் நிலத்தின் கதை வேறு. வில்லியனூர், பாகூர் பக்கத்து நெல் வயல்களில் மண்ணின் துளைகளை உழவர்கள் தெரிந்தே, திட்டமிட்டே மூடினார்கள். நடவுக்கு முன் வயலில் நீர் கட்டி, திரும்பத் திரும்பச் சேற்றுழவு ஓட்டி, பரம்படிப்பது எதற்காக? கட்டிகளைக் கரைத்து, பெரிய துளைகளை அழித்து, கட்டிய நீர் கீழே ஓடிவிடாமல் காப்பதற்காக. ஆண்டாண்டாகச் சேற்றில் மாடும் கலப்பையும், பிறகு டிராக்டரும் மிதித்ததில், உழவு எட்டும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே கடினமான தட்டு ஒன்று உருவாகிவிடுகிறது. நன்றாகச் சேறடித்த களி வயலில் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் நீரே கீழே கசியும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஃபெஞ்சல் கொண்டுவந்த 48 சென்டிமீட்டர் இறங்கி முடிய 96 நாள் வேண்டும். நெல்லுக்கு அது வரம்.

அந்த வயல் மனையாகும்போது என்ன நடக்கிறது? யாரும் அந்தத் தட்டை உடைப்பதில்லை. அதன் மேல் இரண்டு மூன்று அடிக்குச் செம்மண்ணோ சவுடோ கட்டட இடிபாடோ கொட்டி மேடாக்குகிறார்கள். ரோலர் ஓடுகிறது. வீடு எழும்பும் மாதங்களில் ஜல்லி லாரியும் சிமென்ட் கலவை வண்டியும் முற்றத்தில் ஏறி இறங்குகின்றன. சிந்திய சிமென்ட் பால் மண்ணில் உறைகிறது. கடைசியில் மேலே பேவர் பிளாக் பதித்து, இடுக்கில் மணலுக்குப் பதில் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். மேலிருந்து கீழாக எண்ணினால் நான்கு தடைகள்.

இந்த அடுக்குகளில் எது நீரைத் தீர்மானிக்கிறது என்பதற்கு விடை சொன்னவர் ஹென்றி டார்சி. பிரான்சின் திஜோன் நகருக்குச் சுத்தமான ஊற்று நீரைக் கொண்டுவந்த பொறியாளர். மணல் நிரப்பிய உருளையில் நீரைச் செலுத்தி அவர் கண்ட விதி 1856இல் வெளியானது. மூன்றாம் நெப்போலியன் ஆண்ட, முத்திரையர்பாளையத்து நீர் புதுச்சேரிக்கு வந்த அதே காலகட்டம் அது. மணலின் வழியே போகும் நீரின் வேகம், மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டுக்கு ஏற்பக் கூடும். மணல் அடுக்கின் தடிமனுக்கு ஏற்பக் குறையும். மீதியை அந்த மணலின் ஊடுருவு திறன் முடிவு செய்யும். உலகெங்கும் நிலத்தடி நீர்க் கணக்குகள் இன்றைக்கும் இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன.

டார்சி விதியை நம் முற்றத்துக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 மில்லிமீட்டர் நீரை விடும் நல்ல மணல் ஒரு மீட்டர் இருக்கிறது. அதற்கு மேல் மணிக்கு 1 மில்லிமீட்டர் விடும் இறுகிய அடுக்கு 10 சென்டிமீட்டர் மட்டும் இருக்கிறது. மொத்தத் தடிமனில் அந்த இறுகிய அடுக்கு பதினொன்றில் ஒரு பங்கு. நீருக்கு அது தரும் தடையோ, மொத்தத் தடையில் பதினொன்றில் பத்துப் பங்கு. இரண்டும் சேர்ந்து மணிக்கு 10 மில்லிமீட்டர்தான் விடும். ஒரு மீட்டர் நல்ல மணலின் நன்மையை நான்கு விரற்கடை இறுகிய மண் பறித்துவிடுகிறது. இதையே திருப்பிச் சொன்னால் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று கிடைக்கிறது. மெல்லிய அந்த ஓர் அடுக்கை உடைத்துவிட்டால் போதும், கீழே இருக்கும் நல்ல மண் முழுவதும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

வேகம் ஒன்று, இடம் ஒன்று

நீர் இறங்கும் வேகத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். இறங்கிய நீருக்கு உள்ளே இடமும் வேண்டும். மணற்பாங்கான மண்ணில், மழைக்கு முன்னரே உள்ள ஈரத்தைக் கழித்துவிட்டால், கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு புதிய நீருக்கு இடம் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 48 சென்டிமீட்டர் மழை அடங்க, அந்தக் கணக்கில் 2.4 மீட்டர் ஆழத்துக்கு வெற்று மண் தேவை. நிலத்தடி நீர்மட்டம் அதைவிட ஆழமாக உள்ள மேட்டுப் பகுதிகளில் இந்த இடம் இருக்கிறது. கடலை ஒட்டிய, பள்ளமான பகுதிகளில் கார்த்திகை வருவதற்குள் நீர்மட்டம் தரையை நெருங்கிவிடும். அங்கே எத்தனை உறிஞ்சுகுழி வெட்டினாலும் நீர் கீழே போக இடமில்லை. வாய்க்கால்தான் கதி.

புதுச்சேரி வெள்ளத்தைப் பற்றி இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான். பள்ளத்தில் தேங்கும் நீரில் ஒரு பெரும் பகுதி மேட்டிலிருந்து வந்தது. கோரிமேடு, முத்திரையர்பாளையம், ரெட்டியார்பாளையம், மூலக்குளம் போன்ற சற்று உயர்ந்த பகுதிகளில் ஒவ்வொரு முற்றமும் தன் மேல் விழுந்த மழையில் ஒரு பங்கையாவது உள்ளே இறக்கினால், கீழே உள்ள தெருக்களுக்கு வரும் நீர் அந்த அளவுக்குக் குறையும். வருவதும் தாமதமாக வரும். வாய்க்கால் தாங்குமா உடையுமா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு மணி, இரண்டு மணித் தாமதமே முடிவு செய்கிறது. மேட்டில் இறங்கிய நீர் வீணாவதும் இல்லை. புதுச்சேரியின் குடிநீர் நிலத்தடியிலிருந்து வருவது. கடலோரக் கிணறுகளில் உப்பு நீர் உள்ளே ஏறுவதைத் தள்ளிப் பிடிக்கக் கூடியதும் மேட்டிலிருந்து இறங்கும் நன்னீரின் அழுத்தம் ஒன்றே. ஊசுடு ஏரியையும் பாகூர் ஏரியையும் வெட்டி வைத்த முன்னோர், நீரை நிறுத்துவதும் இறக்குவதும் ஒரே வேலையின் இரு பாகங்கள் என்பதை அறிந்திருந்தார்கள். ஏரிகளைக் காப்பதோடு, ஏரியில்லாத தெருக்களின் மண்ணையும் காப்பது நம் தலைமுறையின் கடமை.

ஒரு வாளித் தண்ணீரில் ஓர் ஆய்வு

உங்கள் வீட்டு மண் எவ்வளவு குடிக்கிறது என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. முற்றத்தில் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். பக்கச் சுவர்களைக் கடப்பாரை நுனியால் லேசாகக் கீறிவிடுங்கள். மண்வெட்டி வழவழப்பாக்கிய பரப்பில் துளைகள் அடைபட்டிருக்கும். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி முழுவதும் இறங்க விடுங்கள். காய்ந்த மண்ணின் உறிஞ்சு விசை அளவைக் கூட்டிக் காட்டாமல் இருக்க இந்த முதல் நனைப்பு அவசியம். பிறகு மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் நீர்மட்டத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இரண்டு, மூன்று அங்குலம் இறங்கினால் நல்ல மண். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் எங்கோ ஒரு தட்டு மறிக்கிறது. குழியை இன்னும் ஓர் அடி ஆழமாக்கி மறுபடி அளந்தால் அந்தத் தட்டு எந்த ஆழத்தில் உள்ளது என்பதும் தெரிந்துவிடும்.

தட்டு மேலாகவே இருந்தால் மருந்து எளிது. மண் லேசான ஈரத்தோடு இருக்கும்போது ஓர் அடிக்குமேல் ஆழமாகக் கொத்தி, மக்கிய குப்பையோ தொழுவுரமோ கலந்து, மேலே சருகு மூடிவிடவேண்டும். கொத்துவது மட்டும் போதாது. உயிர்ப்பொருள் சேராவிட்டால் அடுத்த அடைமழையில் மண் மீண்டும் படிந்துவிடும். சருகு மழைத்துளியின் அடியைத் தாங்கும். உரம் மண்புழுவை அழைக்கும். அதன்பின் துளை போடும் வேலையைப் புழுவும் வேரும் பார்த்துக்கொள்ளும். சேறாக இருக்கும்போது மண்ணில் இறங்கி மிதிக்கவோ வண்டி ஏற்றவோ கூடாது. ஈர மண்தான் காய்ந்த மண்ணைவிட எளிதில் நசுங்கும்.

தட்டு ஆழத்தில் இருந்தால் உறிஞ்சுகுழி அதைக் கடந்து கீழே போகவேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதற்குப் பிறகு ஏராளமான குழிகள் வெட்டப்பட்டன. அவற்றில் பலவற்றில் ஒரு தவறான நம்பிக்கை புதைந்திருக்கிறது: கீழே ஜல்லி போட்டால் நீர் வேகமாக இறங்கும் என்பது. ஜல்லி தன் இடுக்குகளில் நீரைத் தாங்கி வைத்திருக்கும், அவ்வளவே. ஜல்லிக்கு அடியில் உள்ள மண் விடும் வேகத்துக்கு மேல் ஒரு சொட்டும் போகாது. இன்னும் வியப்பான உண்மையும் உண்டு. நுண்ணிய மண்ணுக்கு நேர் கீழே பருத்த ஜல்லி இருந்தால், மேலுள்ள மண்ணின் நுண்துளைகள் நீரை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. அந்த மண் சொதசொதவென்று நிறைந்த பிறகே ஜல்லிக்குள் நீர் இறங்கும். பூந்தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டாலும் வேர் அழுகுவது இதனால்தான். ஆகவே குழியின் ஆழத்தைத் தீர்மானிக்கவேண்டியது ஜல்லி லோடின் விலையன்று, அடிமண்ணின் வேகம். மேலே பரப்பிய மணலில் இரண்டே மழைக்காலத்தில் தூசியும் வண்டலும் படிந்து ஓடு கட்டிவிடும் என்பதால், புரட்டாசி முடிவதற்குள் மேல் மணலை வாரிக் கழுவிப் போடுவது ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை.

இரண்டு எச்சரிக்கைகள். குழிக்குள் விடவேண்டியது மொட்டை மாடியின் மழைநீர் மட்டுமே. தெருச் சாக்கடையையோ கழிவறைத் தொட்டியின் வழிவையோ அதில் சேர்த்தால், வேகமாக நீர் விடும் மணல் மண் அழுக்கையும் அதே வேகத்தில் கிணற்றுக்குக் கொண்டுபோகும். அடுத்தது, கட்டிய நீர் இரண்டு நாளுக்குள் வடிந்துவிடவேண்டும். கொசு முட்டை பொரிந்து சிறகு முளைக்க ஒரு வாரம் போதும்.

வீட்டுக்காரர் செய்யக் கூடியது இவ்வளவு. மனைப்பிரிவு போடும் கட்டத்திலேயே செய்யவேண்டியது இதைவிடப் பெரிது. அடுக்குமாடி எழுப்புவதற்கு முன், மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று துளையிட்டுச் சோதிக்கிறோம். அதே இடத்தில், அதே நாளில், மண் எவ்வளவு நீர் விடும் என்றும் சோதித்துவிடலாம். கூடுதல் செலவு ஒரு வாளித் தண்ணீர்தான். அந்த எண்ணை வரைபடத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டும். மண் கொட்டி ரோலர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை அளந்து, முதல் எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லவேண்டும். வீடு நிற்கும் இடத்துக்கு மட்டும் ரோலர் போதும். தோட்டமாக விடும் பகுதியைக் கயிறு கட்டித் தொடக்கத்திலேயே வண்டிகளிடமிருந்து காத்துவிடலாம். பூங்காவுக்கு என்று ஒதுக்கும் இடம் மனைப்பிரிவின் உயரமான மூலையில் கிடக்காமல், நீர் வந்து சேரும் தாழ்வான மூலையில், சுற்றியுள்ள தெருவைவிட அரை அடி பள்ளமாக அமையவேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். 1856இல் திஜோனில் ஒரு பொறியாளர் மணல் உருளையோடு நின்று கண்டுபிடித்தது போதும். மூலக்குளத்திலும் அதைச் சுற்றியுள்ள மேட்டு ஊர்களிலும் இன்னும் கட்டப்படாத மனைகள் இருக்கும்போதே இதைச் செய்துவிடவேண்டும். ரோலர் ஏறிய மண்ணைத் திருத்த ஆண்டுகள் ஆகும். ஏறாமல் காப்பதற்கு ஒரு கயிறும் ஒரு முடிவும் போதும்.